அறை வாடகையிலும் பங்கு வேண்டும்

ருவாண்டாவின் எரிமலைகள் தேசியப் பூங்காவில் மலைக் கொரில்லாக்களை ஒரு மணி நேரம் பார்க்க அனுமதிச் சீட்டு 1,500 டாலர். பூங்காவின் ஓரத்தில் எழுந்துள்ள சொகுசுச் சூழல் விடுதிகளில் ஒருவர் ஓர் இரவு தங்க ஆயிரம் டாலருக்கு மேல் ஆகிறது. இந்த விலையைக் குறைக்கச் சொல்லவில்லை. பக்கத்து வயலில் உருளைக்கிழங்கு பயிரிடும் குடும்பத்துக்கு இதில் என்ன போய்ச் சேருகிறது என்றே கேட்கிறோம்.

சுற்றுலாப் பணம் கொரில்லாக்களைக் காப்பாற்றியிருக்கிறது என்பதை மறுக்க முடியாது. 1980-களின் தொடக்கத்தில், இந்தப் பூங்காவும் அடங்கிய விருங்கா மலைத்தொடரில் ஏறத்தாழ 250 கொரில்லாக்களே மிஞ்சியிருந்தன. 2015-16 கணக்கெடுப்பில் 604 இருந்தன. உகாண்டாவின் புவிண்டிக் காட்டில் உள்ளவற்றையும் சேர்த்தால் ஆயிரத்துச் சொச்சம். உலகில் வேறெங்கும் மலைக் கொரில்லா கிடையாது. ஒரு கூட்டத்தைப் பார்க்க நாளுக்கு எட்டுப் பேருக்குத்தான் அனுமதி என்பதால் சீட்டு விலை அதிகமாக இருப்பதிலும் நியாயம் உண்டு.

2017-ல் சீட்டு விலையை 750 டாலரிலிருந்து இரட்டிப்பாக்கிய ருவாண்டா, சுற்றுவட்டார மக்களுக்கான பங்கையும் 5 விழுக்காட்டிலிருந்து 10 ஆக்கியது. நல்ல முடிவு. ஆனால் அந்தப் பங்கு பூங்காவின் வருவாயிலிருந்து வருவது. விடுதிகளின் அறை வாடகை அதில் சேராது. சபின்யோ மலையடிவாரத்தில் ஒரு விடுதி உள்ளூர் மக்கள் சங்கத்துக்கே சொந்தம். தங்கும் ஒவ்வொரு விருந்தினராலும் சங்கத்துக்கு வருமானம் உண்டு. பிசாட்டே விடுதி, முன்பு விளைநிலமாக இருந்த சரிவில் நாட்டு மரங்களை நட்டு வளர்க்கிறது. பாராட்ட வேண்டியவைதான். ஆயினும் முதலாளிக்கு மனம் இருந்தால் கிடைக்கும் உதவி வேறு, சட்டப்படி கேட்டு வாங்கும் பங்கு வேறு.

மக்களுக்குப் பங்கு தருவது தர்மம் அல்ல. கொரில்லாவின் உயிருக்கே அது காப்பு. 1996-ல் புவிண்டியில் ஒரு கொரில்லாக் குடும்பத்துக்குச் சொறி சிரங்கு பிடித்தது. முடி கொட்டித் தோல் வெடித்தது. ஒரு குட்டி இறந்துபோனது. கால்நடை மருத்துவர் கிளாடிஸ் கலேமா-சிக்குசோகா காரணத்தைத் தேடியபோது சந்தேகம் தோட்டத்துக் காவல் பொம்மைகள் மீது விழுந்தது. வாழைத்தண்டு தின்னக் காட்டை விட்டு வரும் கொரில்லாக்களை விரட்டக் கிராமத்தார் பொம்மைகளுக்குப் போட்டிருந்த பழைய துணிகளில் சிரங்குப் பூச்சி இருந்திருக்கக்கூடும். ஏழை வீட்டில் மருந்து இல்லாத நோய் காட்டுக்குள் போக ஒரு கந்தல் சட்டை போதும். கிராமத்துக்கு மருத்துவமனையும் துப்புரவும் தராமல், மூங்கில் கூரை போட்டுச் சூரிய விளக்கு வைத்தால் மட்டும் அது சூழல் விடுதி ஆகிவிடாது.

ஊராரின் வருமானம் நின்றாலும் கொரில்லாவுக்கு ஆபத்துதான். 2020-ல் கொரோனாவால் சுற்றுலா நின்ற சில மாதங்களிலேயே ரஃபிக்கி என்ற புகழ்பெற்ற வெள்ளிமுதுகு ஆண் கொரில்லா புவிண்டியில் ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டது. கொன்றவர் கொரில்லாவைத் தேடிப் போகவில்லை. சிறு விலங்குகளை வேட்டையாடப் போனவர்.

பட்வா மக்களின் நிலைதான் எல்லாவற்றிலும் கொடுமை. தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டில் வேட்டையாடியும் தேனெடுத்தும் வாழ்ந்தவர்கள், 1991-ல் புவிண்டி தேசியப் பூங்காவானபோது வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுக்குத் தகுந்த இழப்பீடு தரப்படவில்லை என்று உகாண்டாவின் அரசியல் சாசன நீதிமன்றம் 2021-ல் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வர முப்பது ஆண்டுகள் ஆயின. இன்று விடுதி விருந்தினர்கள் முன்னால் ஆடிக் காட்டுவது அவர்களில் சிலருக்குப் பிழைப்பு. சொந்தக் காட்டின் ஓரத்தில் அவர்கள் காட்சிப்பொருளாக நிற்பதை எந்த 'சூழல்' முத்திரையாலும் நியாயப்படுத்த முடியாது.

விடுதி உரிமம் வழங்கும்போதே அறை வாடகையில் ஒரு பங்கு உள்ளூர் மக்களுக்கு என்ற நிபந்தனையை ருவாண்டாவும் உகாண்டாவும் சட்டமாக்க வேண்டும். அதில் பட்வா மக்களுக்கெனத் தனி ஒதுக்கீடு இருக்க வேண்டும். அந்தக் கணக்கு ஆண்டுதோறும் ஊர் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும்.

கொரில்லா பார்க்கக் கிளம்பும் வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். முன்பதிவுக்கு முன் நிலம் யாருடையது, ஊருக்கு எவ்வளவு தருகிறீர்கள், வேலையில் இருப்பவர்களில் உள்ளூர்க்காரர்கள் எத்தனை பேர் என்று விடுதிக்கு எழுதிக் கேளுங்கள். நேரடியாகப் பதில் சொல்லாத விடுதிக்குப் பணம் கட்டாதீர்கள்.