ஆஸ்பத்திரி மாடிப்படிக்கு பூட்டு எதற்கு?

வீட்டில் தீப்பிடித்தால் தெருவுக்கு ஓடி வரலாம். சினிமா கொட்டகையில் பிடித்தால் முட்டி மோதியாவது வெளியே வந்துவிடலாம். ஆஸ்பத்திரியில் பிடித்தால்? கையில் குளுகோஸ் ஊசி, காலில் மாவுக்கட்டு, மூக்கில் ஆக்சிஜன் குழாய். எழுந்து உட்காரவே துணைக்கு ஆள் வேண்டும். அவர் எங்கே ஓடுவார்?

2024 டிசம்பர் 12-ந்தேதி இரவு திண்டுக்கல்லில் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் தீப்பிடித்தது. 6 உயிர் போனது. செத்தவர்களில் ஒரு சிறுமியும் உண்டு. தப்பிக்க லிப்டில் ஏறியவர்கள் அதற்குள்ளேயே சிக்கி மயங்கிக் கிடந்தார்கள்.

2011 டிசம்பர் 9-ந்தேதி விடியற்காலை கொல்கத்தா அம்ரி ஆஸ்பத்திரியில் நடந்தது இன்னும் கொடுமை. தரைக்குக் கீழே கார் நிறுத்த வேண்டிய இடத்தில் சாமான்களைப் போட்டு அடைத்து வைத்திருந்தார்கள். தீ அங்கேதான் கிளம்பியது. ஏ.சி. குழாய் வழியாக புகை மாடி மாடியாக ஏறியது. ஜன்னல்களோ திறக்க முடியாத கண்ணாடி. சுமார் 90 பேர் பலி. பெரும்பாலோரைக் கொன்றது தீ அல்ல, புகை!

2021 ஜனவரியில் மராட்டிய மாநிலம் பண்டாரா அரசு ஆஸ்பத்திரியில் 10 பச்சிளங் குழந்தைகள் போயின. பேர் கூட வைக்காத பிஞ்சுகள்.

சட்டம் இல்லாமல் இல்லை. தேசிய கட்டிட விதி இருக்கிறது. தீயணைப்பு துறையின் தடையில்லா சான்று இருக்கிறது. கொரோனா ஆஸ்பத்திரிகளில் தீத்தடுப்பு சோதனை நடத்தவேண்டும் என்று 2020 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டே உத்தரவு போட்டது.

ஆனால் சான்றிதழ் சுவரில் தொங்கினால் போதுமா? சோதனை நாளன்று மாடிப்படி பளிச். மறுநாளே உடைந்த கட்டிலும் அட்டைப்பெட்டியும் படியேறி விடுகின்றன. திருட்டுக்குப் பயந்து பின்வாசலுக்குப் பூட்டு. சாவி எங்கே என்றால் நைட் டியூட்டி நர்சுக்குத் தெரியாது!

அதிகாரிகள் பகலில் சொல்லிவிட்டு வரவேண்டாம். நள்ளிரவு 2 மணிக்குச் சொல்லாமல் வரட்டும். "இந்த மாடியில் படுத்திருப்பவர்களை லிப்ட் இல்லாமல் கீழே இறக்கிக் காட்டுங்கள்" என்று கேட்கட்டும். இறக்கத் தெரியாத ஆஸ்பத்திரிக்குச் சான்று எதற்கு?

பொதுமக்களும் சும்மா இருக்கக்கூடாது. பழம், ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள், இன்னொரு மாடிப்படி எங்கே இருக்கிறது என்றும் பார்க்கவேண்டும். பூட்டிக் கிடந்தால் ஏன் என்று கேட்கவேண்டும். கேட்க உரிமை இருக்கிறது.

ரூமுக்குக் காசு, ஊசிக்குக் காசு, பஞ்சுக்குக் கூட காசு என்று பில் நீளுகிறது. பூட்டைத் திறந்து வைக்க ஒரு பைசா செலவில்லை. இன்றைக்கே திறக்கட்டும்!