ஹெலிகாப்டர் போய்விட்டது, கணக்கு தீரவில்லை

மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு 15,000 டிரோன்களை வழங்கும் திட்டத்திற்கு ஒன்றிய அரசு 2023 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. ஒதுக்கீடு 1,261 கோடி ரூபாய். உரமும் பூச்சிமருந்தும் தெளிப்பதே இவற்றின் முதன்மைப் பணி. வானிலிருந்து மருந்து தெளிப்பது இந்நாட்டிற்குப் புதிதல்ல. அந்தப் பழைய வரலாற்றைத் திரும்பிப் பார்க்காமல் புதிய இயந்திரத்தை வரவேற்பது பொறுப்புடைமை ஆகாது.

பசுமைப் புரட்சிக் காலத்தில் வேளாண் விமானம் முன்னேற்றத்தின் சின்னமாகப் போற்றப்பட்டது. அதற்கென்றே இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் 'பசந்த்' விமானத்தை வடிவமைத்தது. நாற்பதுக்கும் குறைவான விமானங்களோடு அதன் உற்பத்தி நின்றது. ஆனால் வான்வழித் தெளிப்பு நிற்கவில்லை. பெருந்தோட்டங்களுக்கு மேலே ஹெலிகாப்டர்கள் பறந்தன.

அதன் கொடிய விளைவைக் கண்டது கேரளத்தின் வடகோடியான காசர்கோடு. அங்கே மாநிலப் பொதுத்துறை நிறுவனமான பிளாண்டேஷன் கார்ப்பரேஷனின் முந்திரித் தோட்டங்கள் நான்காயிரம் ஹெக்டேருக்கும் மேல் பரவியுள்ளன. தேயிலைக் கொசுவை ஒழிக்க, 1970களின் இறுதியிலிருந்து 2000 வரை அங்கே ஹெலிகாப்டர் மூலம் என்டோசல்பான் தெளிக்கப்பட்டது. தோட்டங்களை ஒட்டியே வீடுகளும் கிணறுகளும் ஓடைகளும் இருந்தன. தெளிப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாக மக்களுக்கு அறிவிக்க வேண்டும், அனுமதிக்கப்பட்ட உயரத்திலேயே பறக்க வேண்டும் என்று 1971ஆம் ஆண்டின் பூச்சிமருந்து விதிகள் கூறின. விதிகள் ஏட்டில் இருந்தன. நஞ்சு கூரைகளின் மீது விழுந்தது. வேளாண்துறை ஊழியரான லீலாகுமாரி அம்மா 1998இல் நீதிமன்றத்தை நாடினார். மக்கள் போராட்டமும் வலுத்தது. ஹெலிகாப்டர் நின்றது.

ஹெலிகாப்டர் இறங்கி மருந்து நிரப்பிக்கொண்ட திடல்களுக்கு அத்துடன் வேலையில்லாமல் போயிற்று. ஆனால் மிச்சமிருந்த நஞ்சு தோட்டக் கிடங்குகளிலேயே கிடந்தது. 2012இல்தான் அது புதிய பீப்பாய்களுக்கு மாற்றப்பட்டது. இந்திய ஜனநாயக வாலிபர் சங்கம் தொடுத்த வழக்கில் 2011 மே 13 அன்று உச்சநீதிமன்றம் என்டோசல்பானுக்குத் தடை விதித்தது. பாதிக்கப்பட்டோருக்குத் தலா 5 லட்சம் ரூபாயை மூன்று மாதங்களுக்குள் வழங்க வேண்டுமென 2017 ஜனவரியில் ஆணையிட்டது. ஐந்தாண்டுகள் கழித்து, மீண்டும் நீதிமன்றம் சென்ற எட்டுப் பேருக்கு மட்டுமே தொகை சேர்ந்திருந்தது. 2022இல் நீதிமன்றத்தின் கடுமையான கண்டனத்திற்குப் பிறகே மற்றவர்களுக்கான வழங்கல் வேகம் பெற்றது.

இதில் இடதுசாரிகள் மறைக்க வேண்டியது எதுவுமில்லை. கற்க வேண்டியது உண்டு. தெளித்தது பன்னாட்டு நிறுவனமன்று, பொதுத்துறை நிறுவனம். அந்த இருபது ஆண்டுகளில் கேரளத்தில் இரு அணிகளும் மாறிமாறி ஆட்சியில் இருந்தன. உடைமை பொதுவானதாக இருந்தால் மட்டும் போதாது. உழைப்பாளரும் ஊராரும் கேள்வி கேட்கும் உரிமை அங்கே இல்லையெனில், பொதுத்துறையும் மக்களுக்கு எதிராகத் திரும்பக்கூடும்.

மாநிலத்தின் தென்கோடியில் செங்கல், பாறசாலை போன்ற எல்லைக் கிராமங்களில் பெருந்தோட்டங்கள் இல்லை. வாழையும் மரவள்ளியும் ரப்பரும் விளையும் சிறு துண்டு நிலங்களே உள்ளன. ஒருவர் தோட்டத்தில் தெளிப்பது அடுத்தவர் கிணற்றில் விழ வேலி தடையாகாது. டிரோன் தாழப் பறக்கிறது, கைத்தெளிப்பாளரின் சுமையைக் குறைக்கிறது என்பது உண்மையே. ஆனால் காற்று அடித்தால் நஞ்சு எல்லை தாண்டும். அப்போது பழி, கருவியை இயக்கிய ஏழைப் பெண்ணின் தலையில் விழக்கூடாது.

ஆகவே, தெளிப்பு குறித்த முன்னறிவிப்பை ஊராட்சிகளின் வழியே கட்டாயமாக்க வேண்டும். இயக்கும் பெண்களுக்குப் பயிற்சியும் பாதுகாப்பு உடையும் மருத்துவப் பரிசோதனையும் உறுதிசெய்யப்பட வேண்டும். இழப்பீட்டுப் பொறுப்பை மருந்து நிறுவனங்களும் அரசும் ஏற்க வேண்டும். காசர்கோட்டில் விடுபட்டுள்ள ஒவ்வொரு குடும்பத்திற்கும் நிவாரணமும் வாழ்நாள் சிகிச்சையும் கிடைக்க வேண்டும். இக்கோரிக்கைகளை ஊராட்சிக் கூட்டங்களில் எழுப்புவது தோழர்களின் உடனடிக் கடமையாகும்.