மொட்டைமாடி மீட்டர்கேஜ்

நாற்பத்தைந்து வயசுக்கு மேல் ஆண்பிள்ளைக்கு வரக்கூடிய வியாதிகள் மூன்று. சர்க்கரை, பிரஷர், பொம்மை ரயில். எனக்கு முதலாவது பார்டரில் இருக்கிறது. மற்ற இரண்டும் ஒரே பார்சலில் வந்தன.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் சிநேகிதன் லீவில் வந்தபோது கொண்டுவந்த அட்டைப்பெட்டி அது. உள்ளே, புதிதாக மார்க்கெட்டுக்கு வந்திருக்கும் குட்டி நீராவி எஞ்சின். சாவி கொடுத்தால் ஓடுகிற சமாசாரம் இல்லை. பாட்டரியும் கிடையாது. செப்பு பாய்லரில் தண்ணீர் ஊற்றி, அதன் வயிற்றுக் குழாய்க்குள் காஸ் பற்றவைத்து, நிஜ ஆவியில், நிஜ பிஸ்டனில், நிஜமாகவே ஓடும்.

"என்ன விலை?" என்றாள் மனைவி.

பாதியைச் சொன்னேன்.

"இதுக்கா?"

கால்வாசி சொல்லியிருக்கலாம்.

என் பக்க நியாயத்தையும் கேளுங்கள். இதன் தண்டவாள அகலம் 45 மில்லிமீட்டர். நிஜத்தில் 22.5-ல் ஒரு பங்கு. பெருக்கினால் ஏறக்குறைய 1 மீட்டர். அதாவது மீட்டர்கேஜ்! விழுப்புரத்தில் கிளம்பி, பண்ருட்டி, கடலூர், சிதம்பரம், மாயவரம் என்று ஊர் ஊராக நின்று தஞ்சாவூர் போன நம்ம பழைய சின்னப் பாதை. விழுப்புரம் - மயிலாடுதுறைப் பாதை 2010-ல் அகலமாகித் திரும்பி வந்தது. அரை டிராயர் வயசில் திருப்பாதிரிப்புலியூர் கேட்டில் நின்று, கண்ணில் கரி விழுந்தாலும் பரவாயில்லை என்று நான் வாய்பிளந்து பார்த்த 'ஒய்.பி.' எஞ்சின் அந்தப் பாதையில் ஓடியதுதான். 1949 தொடங்கி மொத்தம் 871 ஒய்.பி.க்கள் பிறந்தன. நிறைய ஜாம்ஷெட்பூர் டெல்கோவில் செய்தவை. லாரிக் கம்பெனியின் பெயரில் 'லோகோமோட்டிவ்' எதற்கு என்று யோசித்ததுண்டா? இதற்குத்தான். 2003-ல் பெயரை டாட்டா மோட்டார்ஸ் என்று மாற்றிக்கொண்டார்கள்.

மனைவியிடம் இவ்வளவும் சொன்னேன். "சரி, வடாம் காயுது. அந்தப் பக்கம் போகாதீங்க" என்றாள்.

*

மஞ்சக்குப்பம் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளோட்டம். வட்டமாகத் தண்டவாளம். நடுவில் நான். பக்கத்துவீட்டுப் பையன்கள் நாலு பேர். ஓரமாக, பழைய வேட்டியில், ஜவ்வரிசி வடாம்.

காஸைத் திறந்து நெருப்புக் காட்டினேன். எஞ்சின் 'ஹோ' என்று ஊளையிட்டது. பையன்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். நான் மூன்றடி. பத்து நிமிஷத்தில் பிரஷர் ஏறியது. ரெகுலேட்டரைத் திறந்தேன். எஞ்சின் ஒரு தும்மல் போட்டது. புகைபோக்கி வழியாகக் கொதிக்கிற தண்ணீரும் கறுப்பு எண்ணெயும் குழம்பாகக் கிளம்பி, காற்றில் அழகாக வளைந்து, வடாம் மேல் இறங்கின. பிறகு நொண்டி நொண்டி அரை வட்டம் போய் நின்றது. பிறகு கீழே என்ன நடந்தது என்பது குடும்ப விஷயம்.

அன்று ராத்திரி, சாப்பாடு தாமதமானதால் கிடைத்த நேரத்தில், எஞ்சினுக்கு மார்க் போட்டேன்.

தோற்றம்: 10-க்கு 8. பெயின்ட் நன்று.

ஊளை: பூஜ்யம். பியூட்டேன் காஸ் பூஜ்யம் டிகிரிக்குச் சற்றுக் கீழேயே கொதிக்கிற வஸ்து. குறிப்புப் புத்தகத்தை எழுதியவன் குளிர் தேசத்துக்காரன். 'காஸ் டாங்க்கை வெந்நீரால் சூடுபடுத்தவும்' என்கிறான். கடலூர் மே மாதத்தில் அது தானாகவே ஆவேசமாக இருக்கிறது. டாங்க்கைச் சுற்றி ஈரத்துணி கட்டியதும் ஊளை பாதியானது.

தும்மல்: குற்றம் எஞ்சினுடையது அல்ல. சில்லென்றிருக்கும் சிலிண்டருக்குள் முதலில் போகிற ஆவி தண்ணீராகிவிடும். பிஸ்டனுக்கு முன்னால் தண்ணீர் நின்றால் அது வெளியேறித்தான் ஆகவேண்டும். மெதுவாக முன்னும் பின்னும் உருட்டி, சூடேற்றிவிட்டுத்தான் ஓட்டவேண்டும்.

சக்தி: 10-க்கு 3. இதற்குக் காரணம் கணக்கு. நீளத்தை 22.5-ல் ஒரு பங்காகக் குறைத்தால், பாய்லரின் மேல்தோல் 506-ல் ஒரு பங்காகும். உள்ளே பிடிக்கும் தண்ணீரோ 11,390-ல் ஒரு பங்காகிவிடும். அதாவது தண்ணீர் கொஞ்சம், சூட்டை வெளியே விடும் தோல் ஜாஸ்தி. நிஜ எஞ்சினைப் போல 22.5 மடங்கு வேகத்தில் சூடு இறங்குகிற வாய்ப்பு. ஐஸ்க்ரீம் குச்சிகளைப் பட்டை பட்டையாகச் சீவி, பருத்தித் துணி மேல் வரிசையாக அடுக்கி, பாய்லருக்கு ஒரு ஸ்வெட்டர் போட்டேன். (குச்சி சேகரிக்கச் சாப்பிட்ட ஐஸ்க்ரீமில் சர்க்கரை பார்டரைத் தாண்டியிருக்கலாம்.) அதில் இரண்டு வட்டம் கூடுதலாக ஓடியது.

ஆனால் நொண்டல் போகவில்லை. எதை மாற்றினாலும் நொண்டியது. கடைசியில் மனைவியே மனமிரங்கி, "சிதம்பரம் பெரியப்பாகிட்ட எடுத்துட்டுப் போங்களேன். அவர் நிஜத்தையே ஓட்டினவர்தானே" என்றாள்.

*

பெரியப்பா, அதாவது எனக்கு மாமா, எண்பதைத் தாண்டியவர். எஞ்சின் கிளீனராகச் சேர்ந்து, ஃபயர்மேன் ஆகி, டிரைவராகி, கடைசியில் டீசலையும் ஓட்டி ரிட்டையர் ஆனவர். காது மந்தம். ஸ்டீம் ஃபுட்ப்ளேட்டின் சீதனம்.

சனிக்கிழமை ரயிலில் போனேன். காஸ் டப்பாவை ரயிலில் ஏற்றக்கூடாது என்பதால் அதைச் சிதம்பரத்திலேயே வாங்கிக்கொண்டேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை. பரங்கிப்பேட்டையில் 1830-களில் ஹீத் என்ற வெள்ளைக்காரர் இரும்பு உருக்கும் ஆலை போட்டார். நெருப்பையும் இரும்பையும் வைத்துக்கொண்டு கையைச் சுட்டுக்கொள்வது இந்தப் பக்கத்தில் என்னோடு தொடங்கியதல்ல.

"வாங்க மாப்ளே" என்று எழுந்து நின்றார் மாமா. காபி வந்தது. பெட்டியைத் திறந்தேன். தொடவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"தண்ணி கண்ணாடி எங்க மாப்ளே?"

பாய்லருக்குள் தண்ணீர் எவ்வளவு என்று காட்டும் கண்ணாடிக் குழாய். எல்லா நிஜ எஞ்சினிலும் உண்டு.

"இதுல கிடையாது மாமா. விலை குறையணும்னு விட்டுட்டான்."

"தண்ணி தெரியாத பாய்லரும் கண்ணு தெரியாத டிரைவரும் ஒண்ணு" என்றார். முதல் பரீட்சையிலேயே ஃபெயில்.

அடுத்தது நொண்டல். பற்றவைக்க விடவில்லை. பாய்லருக்குப் போகிற குழாயில் சைக்கிள் பம்பை மாட்டச் சொன்னார். நான் அடித்தேன். மாப்பிள்ளை முற்றத்தில் உட்கார்ந்து பம்ப் அடிப்பதைத் தெருவே பார்த்தது. சக்கரம் சுழன்றது. மாமா காதை எஞ்சினுக்கு ஓரங்குலம் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணு, ரெண்டு, மூ... நாலு. மூணாவது அடி நொண்டுது."

டி.வி.யை முழு சத்தத்தில் வைத்தாலும் கேட்காத காது அது!

விஷயம் இதுதான். இரண்டு பக்கமும் ஒவ்வொரு சிலிண்டர். பிஸ்டனை ஆவி இரண்டு பக்கத்திலிருந்தும் தள்ளும். ஆகச் சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் நாலு தடவை ஆவி வெளியேறும். அதுதான் 'குபுகுபு'. ஒரு பக்கத்துச் சக்கரக் கடையாணி மறுபக்கத்துக்கு 90 டிகிரி தள்ளி இருக்கும். இல்லாவிட்டால் இரண்டு பிஸ்டனும் ஒரே நேரத்தில் முட்டுச்சந்தில் நின்றுவிடும். நாலு அடியும் சம இடைவெளியில் விழவேண்டும். ஒன்று பிந்தினால் ஆவியை உள்ளே விடுகிற வால்வின் நேரம் தப்பு. வலது பக்கத்து எக்ஸென்ட்ரிக் திருகைத் தளர்த்தி, ஒரு மயிரிழை திருப்பி, இறுக்கினார். "இப்ப அடிங்க."

ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. தவில்காரர் கை மாதிரி.

*

சாயந்திரம் முற்றத்தில் தண்டவாளம் போட்டுப் பற்றவைத்தோம். மாமாவின் பேரன் பேத்திகள் குத்துக்காலிட்டு, எஞ்சினுக்கு ஒரு முழ தூரத்தில். ஓடியது! பத்து, பதினொன்று, பன்னிரண்டு வட்டம். அப்போது எனக்கு ஆசை வந்தது. சேஃப்டி வால்வு 40 பவுண்டிலேயே 'உஸ்' என்று ஆவியை வெளியே விட்டு வீணாக்குகிறதே, அந்தத் திருகை அரைச் சுற்று இறுக்கினால் இன்னும் இழுக்குமே என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் குனிந்தேன்.

"யோவ்! கையை எடுய்யா!"

முப்பது வருஷத்தில் அவர் என்னை 'யோவ்' என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எஞ்சினைத் துணியோடு தூக்கிக் காஸை மூடினார். "பசங்களா, எல்லாம் திண்ணைக்குப் போ!"

முற்றம் காலியானது. ஆறும்வரை பேசவில்லை. பிறகு பாய்லர் மூடியைத் திறந்து, எஞ்சினைக் கவிழ்த்தார். சொட்டுச் சொட்டாக நாலு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. காஸ் இன்னும் மிச்சமிருந்தது.

எனக்கு வேர்த்துவிட்டது. தண்ணீர் தீர்ந்த பாய்லருக்கு அடியில் நெருப்பு, அதன் ஒரே பாதுகாப்பை இறுக்கப் போன என் கை, பக்கத்தில் குழந்தைகள். தண்ணீர் ஆவியானால் சாதாரணக் காற்றழுத்தத்தில் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். அது பொம்மை பாய்லருக்கும் பொருந்தும்.

"ஒய்.பி.யில 210 பவுண்டு மாப்ளே" என்றார் மெதுவாக. மரியாதை திரும்பிவிட்டது. "நான் ரெண்டாவது ஃபயர்மேனா இருக்கச்சே ஒரு நாள் கண்ணாடியைப் பார்க்காம கதை பேசிட்டேன். தண்ணி இறங்கிடுச்சு. நெருப்புப் பெட்டி கூரையில ஈயம் ஊத்தின ஆணி ஒண்ணு இருக்கும். தண்ணி அதுக்குக் கீழ போனா ஈயம் உருகி, ஆவி நெருப்பு மேல பாயும். அன்னிக்கு உருகுச்சு. கிள்ளைக்கு இந்தப் பக்கம், பொட்டல்ல வண்டி நின்னுது. உள்ள கல்யாண கோஷ்டி. பொண்ணு வண்டியில, மாப்ளே மண்டபத்துல. எனக்கு மெமோ குடுத்தாங்க. அது போகட்டும். அந்தப் பொண்ணோட அப்பா இறங்கி வந்து என்னை ஒரு பார்வை பார்த்தாரு பாருங்க..."

மேலே சொல்லவில்லை. அரை நூற்றாண்டாகிவிட்டது. இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார் போல.

"ஸ்டீம் போனதுல உங்களுக்கு வருத்தமில்லையா மாமா?"

"எதுக்கு? வேடிக்கை பார்க்கற உங்களுக்குத்தான் அது அழகு. எனக்கு அது அடுப்பு. மே மாசத்துல அடுப்பு முன்னாடி நின்னு பாருங்க." காபி டம்ளரைக் கீழே வைத்தார். "ஆனா பொன்மலையில ஊட்டி ரயிலுக்குப் புதுசாவே ஸ்டீம் எஞ்சின் கட்டினாங்க இல்ல? கரிக்குப் பதில் எண்ணெய் அடுப்பு போட்டு. பேப்பர்ல பார்த்தேன். அவங்க எதை மாத்தினாலும் தண்ணி கண்ணாடியை மாத்தல."

அன்று ராத்திரி ஒரு முடிவுக்கு வந்தோம். பாய்லரில் நாங்களாக ஓட்டை போடக்கூடாது. அது தெரிந்தவன் வேலை. அதுவரை, தண்ணீரைச் சிரிஞ்சால் அளந்து ஊற்றுவது. காஸ் டப்பாவைச் சமையலறைத் தராசில் முன்னும் பின்னும் நிறுத்து, தண்ணீர் தீர்வதற்கு முன்பே காஸ் தீர்கிற மாதிரி குறைத்து நிரப்புவது. சேஃப்டி வால்வை யாரும், குறிப்பாக நான், தொடக்கூடாது.

வாசகர்களில் யாராவது இந்த வியாதியில் விழப்போகிறீர்கள் என்றால், வாங்குகிற இடத்தில் பெயின்டைப் பார்க்காதீர்கள். தண்ணி கண்ணாடி இருக்கிறதா என்று கேளுங்கள்.

*

"ரெண்டு நாள் இங்கேயே இருக்கட்டும் மாப்ளே, பார்த்து அனுப்பறேன்" என்றார் கிளம்பும்போது. இது நடந்து ஐந்து வாரம் ஆகிறது. போன் செய்தால் காது கேட்கவில்லை என்கிறார்.

போன ஞாயிறு பேரன் கடலூர் வந்தான். எஞ்சின் வரவில்லை. ஒரு காகிதம் வந்தது. பழைய ஷெட் ரிப்பேர் புத்தகப் பாணியில், நடுங்கும் கையெழுத்தில், நம்பர் போட்டு:

1. தண்ணி கண்ணாடி இல்லை.
2. வலது வால்வு சரிசெய்யப்பட்டது.
3. குச்சி வேலை சுமார்.
4. விசில் இல்லை. பேத்தி கேட்கிறாள்.
5. எஞ்சின் நல்ல எஞ்சின்.
6. டிரைவருக்குப் பயிற்சி போதாது. சனிக்கிழமைதோறும் ஷெட்டுக்கு அனுப்பவும்.

மனைவி வாங்கிப் படித்தாள். "அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டு, மொட்டைமாடியில் வடாம் பிழியப் போய்விட்டாள்.