945 வரைக்கும் வாயைத் திறக்காதீங்க

அக்கா பையன் நோட்டும் கையுமா வந்து நின்னான். எட்டாவது படிக்கிறான். "மாமா, 12-ஓட காரணிகளை, 12-ஐ மட்டும் விட்டுட்டு, கூட்டினா 16 வருது. எண்ணை விடப் பெருசு. 18, 20, 24 எல்லாம் அப்படித்தான். ஒற்றைப்படையில இப்படி வராதா?"

"வராதுடா, 2 இல்லாம அவ்வளவு காரணி எங்கேருந்து சேரும்?"னு பெரிய மேதாவி மாதிரி அடிச்சு விட்டேன். பையன் நம்பிட்டான். அதுதான் உறுத்தல்.

ராத்திரி எக்செல்லில் போட்டுப் பார்த்தேன். இந்த மாதிரி 'மிகை எண்'களில் முதல் 231-ம் இரட்டைப்படையேதான். 232-வதா வந்து நிக்குது 945. அதோட காரணிகளைக் கூட்டினா 975!

காரணம் ரொம்ப அழகு. 3, 5 இரண்டை மட்டும் எத்தனை தடவை பெருக்கினாலும், எண்ணையும் சேர்த்த காரணிக் கூட்டுத்தொகை எண்ணைப் போல 15/8 மடங்கைத் தொடாது. மிகை எண்ணாக 2 மடங்கைத் தாண்டணும். அதனால் 7-ம் வேணும். 3×5×7 = 105-க்கு வெறும் 87. இன்னொரு 3 போட்டா 315. அதுக்கு 309 வருது, ஆறே ஆறு குறைச்சல்! இன்னும் ஒரு 3 போட்டா 945.

ஏமாந்தது நான் மட்டுமில்லைங்கிறதில் ஒரு அல்ப சந்தோஷம் :-) 13-ம் நூற்றாண்டு ஜோர்டானஸ், மிகை எண் எல்லாம் இரட்டைப்படைதான்னு நிரூபிக்கவே கிளம்பினாராம். பின்னாடி வந்த பூவெல் 45045-ஐக் காட்டித் திருத்தினார்.

என் கட்சி இதுதான். நாலு உதாரணத்தைக் கொடுத்து "அமைப்பைக் கண்டறிந்து விதியை எழுதுக"ன்னு பிள்ளைங்களைக் கேட்கிறதை நிறுத்தணும். அல்லது பக்கத்திலேயே 945-ஐயும் வைக்கணும். 231 சாட்சி ஒரே மாதிரி சொல்லியும் வழக்கு தோத்துப்போச்சே! கூட்டுத்தொகை எண்ணுக்கே சரியா வர்ற 6, 28 மாதிரி ஒற்றைப்படையில் ஒண்ணு உண்டான்னு இன்னிக்கும் யாருக்கும் தெரியாது. இருந்தா அது 1500 இலக்கத்தைத் தாண்டும்னு 2012-ல் காட்டியிருக்காங்க. அதை வெச்சு "இல்லவே இல்லை"ன்னு சொல்ல எனக்கு இனிமே தைரியம் கிடையாது.

மறுநாள் பையன்கிட்ட தப்பை ஒத்துக்கிட்டேன். உடனே அடுத்த கேள்வி: "சரி மாமா, 3-ஆலயும் வகுபடாம?"

இந்தத் தடவை வாயைத் திறக்கலை. தேடிப் பார்த்துட்டுத்தான் சொன்னேன். உண்டு. ஆனா ஆரம்பமே 539 கோடியே 14 லட்சத்து 11 ஆயிரத்து 25.