பெட்டி பெரிசு, பேஸ் எங்கே?

பெங்களூரில் மெட்டல் வாசிக்கிற பையன்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி: "அங்கிள், 8×10 கேபினெட் வாங்கலாமா?" வார நாட்களில் கடன் விண்ணப்பம், ஞாயிற்றுக்கிழமை பேஸ் கிட்டார் என்று ஓடுகிற ஆள் நான். அதனால் எதை வாங்குவது, எந்த லோனில் வாங்குவது என்று கேள்வியின் இரண்டு பாதியும் என்னிடமே வந்துவிடுகிறது. இரண்டுக்கும் சேர்த்து என் பதில் ஒன்றுதான். வேண்டாம் தம்பி. சின்னப் பெட்டியாக வாங்கு, மிட்ஸை ஏற்று.

விவரம் தெரியாதவர்களுக்கு: 8×10 என்றால் பத்து அங்குல ஸ்பீக்கர் எட்டு அடுக்கிய பெட்டி. ஆம்பெக் கம்பெனியின் 8×10 கிட்டத்தட்ட 64 கிலோ. பக்கத்தில் நிறுத்தினால் ஃப்ரிட்ஜ் மாதிரி இருக்கும். செல்லப் பெயரும் அதுதான்!

இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். 2007 மார்ச் 17 அன்று பேலஸ் கிரவுண்ட்ஸில் அயர்ன் மெய்டன் வாசித்தார்கள். 2011 அக்டோபர் 30 அன்று அதே மைதானத்தில் மெட்டாலிகா. 1998இல் தொடங்கிய க்ரிப்டோஸ் மாதிரி உள்ளூர் பேண்டுகளும், 2012இல் ஆரம்பித்த பெங்களூர் ஓப்பன் ஏர் விழாவும் சேர்ந்து இந்த ஊருக்கு மெட்டல் பித்து பிடிக்க வைத்துவிட்டன. மேடையில் சுவர் மாதிரி நிற்கிற பெட்டிகளைப் பார்த்துவிட்டு, சத்தம் அங்கிருந்துதான் வருகிறது என்று பையன்கள் நினைத்துக்கொள்கிறார்கள். வருவதில்லை. அவ்வளவு பெரிய மைதானத்தில் கூட்டத்துக்குக் கேட்பது பிஏ ஸ்பீக்கர்களின் சத்தம். பேஸ், டிஐ வழியாகவோ மைக் வழியாகவோ மிக்ஸருக்குப் போய் அங்கிருந்து வெளியே வருகிறது.

ஆம்பெக் எஸ்விடி 1969இல் 300 வாட் திறனோடு வந்தபோது அதற்கு ஒரு நியாயம் இருந்தது. அன்றைய பிஏ, பாடுகிறவர் குரலுக்கே போதாது. பேஸ் கடைசி வரிசைக்குப் போக வேண்டுமென்றால் பெட்டியேதான் கத்தியாக வேண்டும். இன்று அந்த வேலையை ஒரு டிஐ பாக்ஸும் ஒரு கேபிளும் செய்துவிடுகின்றன.

"ஆழம் வேண்டாமா அங்கிள்?" என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் ஒரு வேடிக்கை. பேஸின் தடித்த ஈ கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ். ஐந்து கம்பி பேஸில் பி கம்பி சுமார் 31. ஆனால் அந்தப் புகழ்பெற்ற 8×10 பெட்டி 58 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் இறங்கிவிடுகிறது, 40 ஹெர்ட்ஸில் 10 டெசிபல். அப்படியும் அதைக் கேட்டவர்கள் "என்ன ஆழம்!" என்கிறார்கள். காரணம் நம் காது. ஒரு சுரத்தின் மேல் அதிர்வெண்கள், 80, 120, 160 என்று தெளிவாகக் கேட்டால், அடியிலிருக்கிற 40ஐ மூளை தானே நிரப்பிக்கொள்ளும். ஆக பேஸைப் பேஸாகக் கேட்க வைப்பது அடிமட்டம் மட்டும் இல்லை, அதற்கு மேலே இருப்பதும்தான்.

தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரனுக்கு இதைத் தவிலை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். இடது பக்கம் கோலால் அடிக்கிற தொப்பி உடம்புக்குள் இறங்கும். வலது பக்கம் கூடு மாட்டிய விரல்கள் சுளீர் சுளீரென்று விழும். ரெண்டு நாதஸ்வரம் முழங்கும்போதும் தெருக்கோடியில் நிற்கிறவன் ஒவ்வொரு சொல்லையும் பிரித்துக் கேட்கிறான் என்றால் அது அந்தச் சுளீரால். வெறும் தொப்பி மட்டும் இருந்தால் தூரத்தில் இடி இடிக்கிற மாதிரிதான் இருக்கும்.

மெட்டல் பேஸில் நம் பையன்கள் அந்தச் சுளீரைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். பேஸ் நாப் முழுக்க மேலே, ட்ரெபிள் முழுக்க மேலே, மிட் முழுக்கக் கீழே. ஈக்வலைசரில் பார்த்தால் சிரிக்கிற வாய் மாதிரி இருக்கும் :-) வீட்டில் தனியாக, குறைந்த சத்தத்தில் வாசிக்கும்போது இது பிரமாதமாகத்தான் இருக்கும். சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்கு அடிமட்ட ஒலி குறைவாகக் கேட்கும் என்று ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். அந்தக் குறையை இந்த அமைப்பு ஈடுகட்டுகிறது.

அதே அமைப்போடு ஜாம் ரூமுக்குப் போனால் கதை வேறு. கீழே கிக் டிரம் உட்கார்ந்திருக்கிறது. மேலே சிம்பல். நடுவில் டிஸ்டார்ஷன் போட்ட இரண்டு கிட்டார். பேஸ் எங்கே? காணோம். உடனே வால்யூமை ஏற்றுவார்கள். அறை அதிரும், பக்கத்து வீட்டுக்காரர் வருவார், பேஸ் மட்டும் வராது.

பேஸ் காணாமல் போனதற்கு உலகறிந்த சாட்சி மெட்டாலிகாவின் 1988 ஆல்பம், 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்'. ஜேசன் நியூஸ்டெட் முழு ஆல்பத்துக்கும் வாசித்திருக்கிறார், தேடித்தான் கேட்க வேண்டும். மிக்ஸிங்கில் பேஸைக் குறைத்துவிட்டார்கள் என்பது ஒரு பாதி. அவர் பெரும்பாலும் கிட்டாரை ஒட்டியே வாசித்ததால் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிட்டது என்பது இன்னொரு பாதி. எதிர் உதாரணம் அயர்ன் மெய்டனின் ஸ்டீவ் ஹாரிஸ். ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ், ஃப்ளாட்வவுண்ட் கம்பி, பிக் இல்லாமல் வெறும் விரல், 4×12 பெட்டிகள். கட்டைவண்டி ஓடுகிற மாதிரி அந்தக் கடகட சத்தம் நடு அதிர்வெண்ணில் இருப்பதால் மூன்று கிட்டார்களுக்கு நடுவிலும் தனியாக நிற்கிறது.

சரி, நாப்களை எங்கே வைப்பது?

எல்லாவற்றையும் பன்னிரண்டு மணிக்கு வைத்து ஆரம்பியுங்கள். பேஸ் நாப் அங்கேயே இருக்கட்டும், சின்ன அறையென்றால் ஒரு மணி நேரம் பின்னால். குமுக் குமுக்கென்று அடைத்தால் 250 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் குறையுங்கள். 700இலிருந்து 1000 ஹெர்ட்ஸ் வரை தாராளமாக ஏற்றுங்கள். தனியாகக் கேட்டால் மூக்கால் பாடுகிற மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம், பேண்டோடு சேர்ந்தால் சரியாகிவிடும். பிக் விழுகிற ஓசை வேண்டுமென்றால் 2500 பக்கம் கொஞ்சம். டிஸ்டார்ஷன் போட்டால் பிளெண்ட் நாப் இருக்கிற பெடலாக வாங்கி, அடிமட்டம் சுத்தமாகவும் மேல்பகுதி மட்டும் கரகரப்பாகவும் வரும்படி கலக்குங்கள். மொத்தத்தையும் டிஸ்டார்ட் செய்தால் அடித்தளம் கரைந்துவிடும்.

இதைவிட முக்கியமான அமைப்பு உங்கள் ஆம்பில் இல்லை, கிட்டார்காரரின் ஆம்பில் இருக்கிறது. அவருடைய பேஸ் நாப்பைக் குறைக்கச் சொல்லுங்கள். கிட்டாரின் தடித்த கம்பியே 82 ஹெர்ட்ஸில்தான் ஆரம்பிக்கிறது, சி வரைக்கும் இறக்கிக் கட்டினாலும் 65. அவர் அதற்குக் கீழே கிளப்புவது எல்லாம் உறுமல், உங்கள் இடத்தில் போட்ட ஆக்கிரமிப்பு. நட்புக்குச் சேதமில்லாமல் இதைப் பேசி முடிக்கிறவர்தான் நல்ல பேஸிஸ்ட்.

பெட்டி விஷயம். நியோடிமியம் காந்தம் வைத்த 2×10 அல்லது 2×12 ஒன்று போதும். ஒரே ஆள் தூக்கலாம், ஆட்டோவில் ஏற்றலாம். 8 ஓம் பெட்டியாக வாங்குங்கள். பிற்பாடு அதே மாதிரி இன்னொன்று சேர்த்தால் 4 ஓம் ஆகும், பெரும்பாலான ஹெட்கள் தாங்கும். இரண்டு 4 ஓம் பெட்டிகளைச் சேர்த்தால் 2 ஓம், பல ஹெட்கள் படுத்துவிடும். வாட் கணக்கிலும் ஏமாறாதீர்கள். 500 வாட் 1000 ஆனால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரு மடங்காகத் தோன்றக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வாட் வேண்டும்.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 8×10க்கு முன்னால் நின்று வாசிக்கும்போது பேண்ட் காலைக் காற்று தட்டுகிற சுகம் இருக்கிறதே, அதை எந்தச் சின்னப் பெட்டியும் தராது. உயரமான பெட்டி என்பதால் பக்கத்தில் நிற்கிறவன் காதுக்கும் நேராகக் கேட்கும். சொந்த இடம், சொந்த வண்டி, தூக்க நாலு பேர் இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில் குடியிருந்துகொண்டு, முதல் சம்பளத்தில் பர்சனல் லோன் போட்டு வாங்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன். பி.காம் படித்தவன் புத்தி, தேய்மானத்தைப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. இறக்குமதிப் பெட்டி கடையைவிட்டு இறங்கியதும் விலை இறங்கும். 64 கிலோவைத் தூக்கிப்போக ஆள் கிடைக்காததால் மறுவிற்பனை இன்னும் கஷ்டம். அதற்குள் பேண்ட் கலைந்துவிட்டால் ஈஎம்ஐ மட்டும் மிச்சம். அந்தப் பணத்தில் ஒரு சின்னப் பெட்டி, ஒரு நல்ல ப்ரீஆம்ப் டிஐ பெடல், ஒரு வருட ஜாம் ரூம் வாடகைக்கு ஒரு பங்கு என்று பிரித்தால் வாசிப்பாவது வளரும்.

இந்த ஊரில் வாசிக்கக் கிடைக்கிற இடமும் நிரந்தரமில்லை. பொழுதுபோக்கு இடங்களுக்கான 2005ஆம் வருட உரிம ஆணையை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த பிறகு, பல பப்களில் நேரடி இசையே நின்றுபோனது. மேடை கிடைக்கிற அன்று அரை மணி நேரம் தருவார்கள். அங்கே இருக்கிற ஆம்பில் சொருகி, உங்கள் பெடலிலிருந்து மிக்ஸருக்கு ஒரு கேபிள் கொடுத்து, ஐந்து நிமிடத்தில் தயாராக வேண்டும். அப்போது கூட வருவது பெடலும், மிட்ஸை எங்கே வைப்பது என்கிற தெளிவும்தான். பெட்டி வீட்டில்தான் இருக்கும்.

பி.கு.: ஹெட்டிலிருந்து பெட்டிக்கு ஸ்பீக்கர் கேபிள்தான் போட வேண்டும். பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதே என்று கிட்டார் கேபிளைச் சொருகினால் கேபிள் சூடாகும், ஆம்பும் போகலாம். கடைக்காரர் எப்போதும் சொல்வதில்லை, அதனால் நான் சொல்லிவிட்டேன்.