நாய்க்குத் துணை இருக்க என்ன கூலி?

தீபாவளி, பொங்கல், முழுப்பரீட்சை லீவு. இந்த மூன்றும் வந்தால் சென்னை பாதி காலி! கிளாம்பாக்கத்தில் கூட்டம் அலைமோதும். எழும்பூரில் நிற்க இடம் இருக்காது. மதுரை, திருநெல்வேலி, தஞ்சாவூர் என்று ஆளாளுக்கு மூட்டை கட்டிவிடுகிறார்கள்.

எல்லோரும் ஊருக்குப் போகிறார்கள், சரி. வீட்டில் இருக்கும் நாய் எங்கே போகும்?

முன்பெல்லாம் இது ஒரு பிரச்சினையே இல்லை. வீட்டில் பாட்டி இருப்பார். இல்லாவிட்டால் சித்தப்பா இருப்பார். நாய்க்குச் சோறு போட ஒரு கை இருந்துகொண்டே இருக்கும். இன்று இரண்டு ரூம் பிளாட். புருஷன், பெண்டாட்டி இரண்டு பேருக்கும் வேலை. எதிர்வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது. இந்த லட்சணத்தில் முப்பது கிலோவில் ஒரு லாப்ரடார் வேறு!

கூடவே கூட்டிக்கொண்டு போகலாமே என்பார்கள். ரயிலில் முதல் வகுப்பு ஏ.சி.யில் ஒரு கூபே முழுவதையும் எடுத்தால் நாய் கூட வரலாம். இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் இருக்கும் கூண்டு. பண்டிகை நேரத்தில் கூபே கிடைப்பது குதிரைக் கொம்பு. விடிய விடியக் கூண்டில் தனியாகப் போட்டு அனுப்பவும் மனசு வராது.

ஆகவே ஆள் தேடுகிறார்கள். வீட்டிலேயே ராப்பகலாகத் தங்கி நாயைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். ‘பெட் சிட்டர்’ என்று பேர். ஒரு நாளைக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு என்று கேட்கிறார்கள். பண்டிகை நாள் என்றால் அதற்கு மேலும் போகிறது. ரேட்டைக் கேட்டதும் வீட்டுக்காரருக்குத் தலை சுற்றுகிறது.

“நாய்க்குச் சோறு வைக்க ஆயிரம் ரூபாயா? அநியாயமா இருக்கே!”

அநியாயம்தானா? கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய விஷயம் இது.

சோறு வைப்பது மட்டுமா?

காலை ஐந்தரைக்கே நாய் கதவைப் பிறாண்டும். வெளியே கூட்டிப் போக வேண்டும். அசிங்கம் பண்ணினால் அள்ள வேண்டும். தெருநாய்கள் சூழ்ந்துகொண்டால் சமாளிக்க வேண்டும். வந்து சாப்பாடு, மருந்து. மத்தியானம் ஒருமுறை வெளியே. சாயந்திரம் ஒருமுறை. படுக்கப் போகும் முன் இன்னொரு முறை. குட்டி நாய் என்றால் சாப்பாடே மூன்று, நான்கு வேளை. சர்க்கரை வியாதி வந்த கிழ நாய் என்றால் வேளை தவறாமல் ஊசி.

இதெல்லாம் கைவேலை. செய்துவிடலாம். பெரிய வேலை வேறு இருக்கிறது. எஜமானைக் காணோம் என்று நாய் ஏங்கும். வாசலிலேயே படுத்துக் கிடக்கும். முதல் நாள் சாப்பாட்டைத் தொடாது. ராத்திரி இரண்டு மணிக்கு ஊளையிடும். பக்கத்து பிளாட்காரர் வந்து கதவைத் தட்டுவார். அவருக்குப் பதில் சொல்ல வேண்டியது தங்கியிருக்கிற ஆள்தான்.

லாப்ரடாராவது பரவாயில்லை, பிஸ்கெட் கொடுத்தால் யாருடனும் சிநேகமாகிவிடும். ராஜபாளையம், சிப்பிப்பாறை மாதிரி நம்மூர் நாய்கள் அப்படி இல்லை. வீட்டு ஆளிடம் உயிரை விடும். புது ஆளைக் கண்டால் எட்டியே நிற்கும், உறுமும். அப்படிப்பட்ட நாயிடம் ஓர் அன்னியரை விட்டுவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு போனால், முதல் இரண்டு நாள் அந்த ஆளின் பாடு திண்டாட்டம்தான்.

தீபாவளி ராத்திரியைச் சொல்லவே வேண்டாம். பட்டாசு வெடிக்கக் காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று 2018 முதல் தமிழக அரசு நேரம் வைத்திருக்கிறது. பேருக்குத்தான். வெடி நின்றால்தானே? நாய் கட்டிலுக்கு அடியில் போய் நடுங்கும். கதவு கொஞ்சம் திறந்திருந்தால் போதும், ஒரே ஓட்டம்! தீபாவளிக்குக் காணாமல்போகும் நாய்கள் எத்தனை! அந்த ராத்திரி முழுக்கக் கண் விழித்து உட்கார்ந்திருப்பவருக்கு என்ன கூலி?

கணக்குப் போட்டால்...

வீட்டு வேலை செய்கிறவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 37 ரூபாய் என்று தமிழக அரசு 2018-ல் நிர்ணயித்தது. அந்தப் பழைய ரேட்டிலேயே 24 மணி நேரத்துக்குப் பெருக்கினால் 888 ரூபாய் வருகிறது.

“தூங்குற நேரத்துக்குமா கூலி?” என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஆனால் தன் வீட்டில், தன் பாயில், தன் பிள்ளைகுட்டிகளோடு தூங்குவது வேறு. ஊரான் வீட்டு சோபாவில், ஒரு காதை நாயிடம் வைத்துக்கொண்டு தூங்குவது வேறு. ராத்திரி வாட்ச்மேன் நாற்காலியில் கொஞ்சம் கண்ணயர்ந்தால் அந்த நேரத்தைச் சம்பளத்தில் கழிக்கிறார்களா என்ன?

888 ரூபாய் என்பது வெறும் தரைமட்டக் கணக்கு. நாய் பழக்கத் தெரிந்தவர், மருந்து கொடுக்கத் தெரிந்தவர், வீட்டுச் சாவியை நம்பிக் கொடுக்கக் கூடியவர் என்று தேடினால் கூடத்தான் ஆகும். ஆயிரம், ஆயிரத்து இருநூறு என்பது கொள்ளை இல்லை. கூலி.

ஊருக்குப் போகிற குடும்பத்தின் செலவையும் பார்க்க வேண்டும். நாலு பேருக்கு ஆம்னி பஸ் டிக்கெட். பண்டிகை ரேட்டு எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். முணுமுணுத்துக்கொண்டாவது கொடுக்கிறார்கள். துணிமணி, ஸ்வீட், பட்டாசு என்று பணம் பறக்கிறது. கடைசியில் நாய் பார்க்கிற ஆளிடம் மட்டும் நூறு ரூபாய்க்குப் பேரம்!

வேலைக்காரம்மா தலையில்

பேரம் படியாவிட்டால் என்ன நடக்கிறது? அதுதான் இந்த விஷயத்தில் மோசமான பகுதி. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவைக் கூப்பிடுகிறார்கள்.

“அஞ்சு நாள்தாம்மா. நாய் ரொம்ப சாது. ஒண்ணும் பண்ணாது. இங்கயே படுத்துக்கோ. டி.வி. இருக்கு, ஃபேன் இருக்கு. வந்ததும் பாத்துச் செய்றேன்.”

அந்த அம்மா என்ன சொல்வார்? “சரிக்கா” என்பார். மாட்டேன் என்றால் வேலை போய்விடுமோ என்ற பயம்.

அவர் நாலு வீட்டில் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு 2500 என்றால் மாசம் பத்தாயிரம். நாயோடு நாள் முழுக்க இருந்தால் மற்ற மூன்று வீட்டுக்குப் போக முடியாது. அங்கே சம்பளம் பிடிப்பார்கள். ஒரு நாளைக்கு 250 ரூபாய் அதிலேயே போச்சு. அவர் வீட்டில் யார் சமைப்பது? பிள்ளைகளை யார் பார்ப்பது? பண்டிகை அவருக்கும்தானே பண்டிகை? அவர் புருஷனும் பிள்ளைகளும் தீபாவளியன்று அம்மா இல்லாமல் இருக்க, அவர் யார் வீட்டு நாய்க்கோ தலை தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஐந்து நாள் கழித்து ஊரிலிருந்து வந்தவர்கள் ஐந்நூறு ரூபாயும் ஒரு டப்பா அல்வாவும் கொடுக்கிறார்கள். மணிக்கு என்ன ஆகிறது? நாலு ரூபாய் சில்லறை!

வாட்ச்மேன் கதையும் இதே கதைதான். “காலைல ஒரு தடவ, சாயந்திரம் ஒரு தடவ வெளிய கூட்டிட்டுப் போப்பா.” ஒரு நூறு ரூபாய் நோட்டு. நாய் கடித்து வைத்தால் தர்ம ஆஸ்பத்திரிக்கு அவரே நடக்க வேண்டியதுதான். ஊசி இலவசமாகவே போடுகிறார்கள். ஆனால் நாலு தடவை போய் வரிசையில் நிற்கிற நாள் கூலியை யார் தருவது?

இதில் சட்டமும் இருக்கிறது. தன் நாய் அடுத்தவருக்கு ஆபத்து விளைவிக்காதபடி பார்த்துக்கொள்ளாமல் அலட்சியமாக விட்டால், பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, 5000 ரூபாய் வரை அபராதம் போடலாம். ‘நான்தான் ஊரிலேயே இல்லையே’ என்று சொல்லித் தப்பிவிடலாம் என நாய்க்குச் சொந்தக்காரர் நினைக்க வேண்டாம்.

தெருவில் விடுகிறவர்கள்

இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஆளும் வேண்டாம், செலவும் வேண்டாம். காரில் ஏற்றி, ஊர்க்கோடியில் கதவைத் திறந்துவிட்டு வந்துவிடுகிறார்கள். கழுத்தில் பட்டையோடு திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்கும் நாயை ஈ.சி.ஆர். பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். பாவம், ஒவ்வொரு கார் பின்னாலும் ஓடும்.

இது குற்றம். 1960-ம் வருடத்து மிருகவதைத் தடைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. தண்டனை என்ன தெரியுமா? முதல் தடவை என்றால் பத்து ரூபாய்க்குக் குறையாமல், ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமல் அபராதம்! அறுபது வருடத்துக்கு முன் ஐம்பது ரூபாய் பெரிய பணம். இன்றைக்கு இரண்டு டீ, இரண்டு வடைக்கே சரியாகப் போகும். ஆளைத் தங்க வைத்தால் ஆறாயிரம். தெருவில் விட்டால் ஐம்பது. சட்டமே இப்படிக் கணக்குச் சொல்லிக் கொடுத்தால் கல்நெஞ்சக்காரன் எதைச் செய்வான்?

வளர்ப்பு நாய்க்கு உரிமமும் மைக்ரோ சிப்பும் இருக்க வேண்டும், உரிமம் இல்லாவிட்டால் 5000 ரூபாய் அபராதம் என்று 2025-ல் சென்னை மாநகராட்சி கறாராக இறங்கியது. நல்ல காரியம். சிப் இருந்தால் தெருவில் விட்ட நாய் யாருடையது என்று தெரிந்துவிடும். ஆனால் பிடிபட்ட பிறகும் மத்தியச் சட்டத்தில் அதே ஐம்பது ரூபாய் இருந்தால் என்ன பிரயோஜனம்? டில்லியில் இருப்பவர்கள் அந்தத் தொகையைத் திருத்த வேண்டும். எத்தனை வருடமாகக் கேட்டாகிவிட்டது!

விடுதி இல்லையா?

இருக்கிறது. நாய் விடுதிகள் நகரத்தைச் சுற்றி நிறைய முளைத்துவிட்டன. நாளைக்கு 500-ல் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டியும் வாங்குகிறார்கள். வீட்டோடு ஆள் வைப்பதைவிடப் பெரும்பாலும் மலிவு. வாலிப நாய், மற்ற நாய்களோடு ஒத்துப்போகிற நாய், தடுப்பூசி எல்லாம் சரியாகப் போட்ட நாய் என்றால் தாராளமாக அங்கே விடலாம். கிழ நாய், பயந்த நாய், மருந்தில் இருக்கிற நாய் என்றால் வீட்டை விட்டு நகர்த்தாமல் இருப்பதே நல்லது. அப்போது கூடக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். வீட்டில் இரண்டு, மூன்று நாய் இருந்தால் விடுதியில் தலைக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள்; வீட்டில் தங்கும் ஆளுக்கு அவ்வளவு கூடாது. அப்படிப்பட்ட வீட்டுக்குத் தங்கும் ஆள்தான் லாபம்.

தங்க வருகிற எல்லோரும் யோக்கியர்கள் என்றும் சொல்வதற்கில்லை. ஒரே நேரத்தில் இரண்டு வீட்டை ஒப்புக்கொண்டு இங்கே அரை நாள், அங்கே அரை நாள் என்று ஓடுகிறவர்கள் உண்டு. நாயைப் பால்கனியில் கட்டிவிட்டு, காலையிலேயே நாலு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு அதையே நாள் முழுக்க அனுப்புகிறவர்களும் உண்டு. கம்பெனி மூலம் வருகிறவர் என்றால் கொடுக்கிற பணத்தில் அவர் கைக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டுவிடுவது நல்லது. நடுவில் இருப்பவர் பாதியைச் சுருட்டிக்கொண்டால், பாதிக் கூலிக்குப் பாதி வேலைதான் நடக்கும்.

என்ன செய்யலாம்?

நாய் இனப்பெருக்கம் செய்து விற்கிறவர்களுக்கு 2017-ல் விதி வந்தது. பெட் கடைகளுக்கு 2018-ல் வந்தது. ஆனால் வீட்டோடு தங்கி நாய் பார்க்கிறவரின் கூலியும் வேலையும் இன்னும் வாய்ப்பேச்சிலேயே நடக்கிறது. வேப்பேரியில் 1903 முதல் கால்நடைக் கல்லூரி இருக்கிறது. நாய்க்கு முதலுதவி, மருந்து கொடுப்பது, கடிக்காமல் கையாள்வது என்று பத்து நாள் பயிற்சி வகுப்பு அங்கே நடத்தலாம். முடித்தவர்களின் பெயரை மாநகராட்சி பட்டியலாக வைத்துக்கொண்டு, உரிமம் வாங்க வருகிறவர்களிடம் கொடுக்கலாம். வேலை தேடுகிற பெண்களுக்கும் ரிட்டயரானவர்களுக்கும் ஒரு வருமானம். நாய் வளர்க்கிறவருக்கும் ஒரு நிம்மதி.

அதுவரைக்கும் வீட்டுக்காரர்கள் செய்யக் கூடியது உண்டு. ஆளை ஒரு வாரம் முன்பே இரண்டு தடவை வரவழைத்து நாயோடு பழக விட வேண்டும். அந்த இரண்டு நாளுக்கும் காசு கொடுக்க வேண்டும். சாப்பாடு யார் செலவு, எத்தனை மணி நேரம் வெளியே போய்வரலாம், பண்டிகை நாளுக்கு எவ்வளவு கூட என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். பாதிப் பணம் முதலிலேயே. நாய் டாக்டர் போன் நம்பர், தடுப்பூசிப் புத்தகம், அவசரத்துக்கு ஒரு இரண்டாயிரம் ரூபாய், இவை மூன்றும் ஆளின் கையில் இருக்க வேண்டும். நாய்க்கு வாந்தி வந்து ஆட்டோ வைத்து வேப்பேரிக்குக் கொண்டு போக நேர்ந்தால் அந்த ஆள் தன் பாக்கெட்டைத் தடவிக்கொண்டு நிற்கக் கூடாது.

வேலைக்காரம்மாதான் இருக்கப் போகிறார் என்றால் அவருக்கும் இதே ரேட்டு, இதே தாள். மற்ற மூன்று வீட்டுக்காரர்களிடமும் ஊருக்குப் போகிறவரே பேசி, அந்தச் சம்பளம் பிடிக்கப்படாமல் பார்த்துக்கொடுக்க வேண்டும்.