ஆசிரியரின் காது!

பகல் 11 மணிக்கு ஒரு தொடக்கப் பள்ளியின் பக்கமாக நடந்து போனால் ஒரு சத்தம் கேட்கும். ஆசிரியை ஒரு வரியை வாசிப்பார். முப்பது பிள்ளைகள் அதையே திருப்பிச் சொல்வார்கள். தெருவில் போகிறவர்களுக்கு அது இனிமையாக இருக்கும். "பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள்" என்று நினைத்துக்கொள்வார்கள்.

எல்லோரும் படிக்கிறார்களா? அங்கேதான் சந்தேகம்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பையன் இருப்பான். அவன் வாய் மற்றவர்கள் வாயைவிடச் சற்றுப் பிந்தி அசையும். அவன் கண் புத்தகத்தில் இருக்காது. பக்கத்துப் பையனின் உதட்டில் இருக்கும். அவன் புத்தகத்தைப் படிக்கவில்லை. பக்கத்துப் பையனைப் படிக்கிறான்! பாடம் முழுவதும் அவனுக்கு மனப்பாடம். நடுவில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, "இது என்ன?" என்று கேட்டால் விழிப்பான்.

அவன் சோம்பேறி அல்ல. கெட்டிக்காரன். கெட்டிக்காரனாக இருப்பதால்தான் இத்தனை நாளாக யார் கண்ணிலும் படாமல் ஒளிந்திருக்கிறான்.

ஆண்டுதோறும் அவனுக்கு வகுப்பு ஏறும். ஆறாம் வகுப்பில் பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வருவார். யாருக்கும் அவனை முழுதாகத் தெரியாது. கணக்குப் போடத் தெரிந்தாலும் கேள்வியை வாசிக்க வேண்டாமா? ஒரு நாள் தலைவலி என்பான். மறுநாள் வயிற்றுவலி என்பான். பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போவதே நின்றுவிடும். "அவனுக்குப் படிப்பு ஏறவில்லை" என்று வீட்டிலே சொல்லிவிடுவார்கள்.

ஏறாதது படிப்பு அல்ல. நாலைந்து எழுத்துகள்தான்!

எந்த எழுத்து?

தமிழில் 247 எழுத்துகள் உண்டு. பெரியவர்களுக்கு அவை எளிதாகத் தோன்றும். சிறு பிள்ளைக்கு அப்படி அல்ல. "கெ" என்ற எழுத்தைப் பாருங்கள். வாயில் முதலில் வருவது "க்" என்னும் ஒலி. ஆனால் தாளில் முதலில் நிற்பது ஒற்றைக் கொம்பு! "கொ" என்றால் இன்னும் மோசம். முன்னால் ஒரு குறி, பின்னால் ஒரு குறி. இடமிருந்து வலமாக வாசி என்று சொல்லிக்கொடுத்த பிள்ளை இங்கே தடுக்கி விழுகிறது. ண, ந, ன மூன்றும் ஒரு குழப்பம். ல, ள, ழ மற்றொரு குழப்பம்.

வீட்டில் பாட்டி சொல்லிக்கொடுத்தால் அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முன் படித்தவர்கள் "லை", "னை" எழுத்துகளைத் தும்பிக்கை போட்டு எழுதுவார்கள். பேத்தி அதைப் பார்த்து, "பாட்டிக்கு எழுதத் தெரியவில்லை" என்று சிரிப்பாள். பாட்டி எழுதுவது தப்பு அல்ல, பழைய முறை. இதை ஆசிரியை ஒருமுறை சொல்லிவிட்டால் குழப்பம் தீரும்.

எந்தப் பிள்ளை எந்த எழுத்தில் நிற்கிறது? கூட்டமாகச் சொல்லும்போது இது தெரியவே தெரியாது. தனியாக வாசிக்கச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்டால்தான் தெரியும்.

நேரம் எங்கே?

"இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து! ஒரு வகுப்புக்குப் பாடம் நடத்தும்போது அடுத்த வகுப்பு கூச்சல் போடும். பதிவேடுகள் வேறு. செல்போனில் ஏற்ற வேண்டிய விவரங்கள் வேறு.

ஆகவே பெரிய திட்டம் வேண்டாம். ஒரு நாளைக்கு ஐந்து பிள்ளைகள். ஒருவருக்கு மூன்று நிமிடம். மொத்தம் கால் மணி நேரம். முப்பது பிள்ளைகள் இருந்தால் ஆறு பள்ளி நாட்களில் ஒரு சுற்று முடிந்துவிடும். மற்றவர்கள் அந்த நேரத்தில் எழுதட்டும், படம் வரையட்டும். நாலாம் வகுப்புப் பெண் இரண்டாம் வகுப்புத் தங்கைக்குச் சொல்லிக்கொடுக்கட்டும்.

படிக்காத பாடத்திலிருந்து இரண்டு வரி கொடுக்க வேண்டும். படித்த பாடம் என்றால் மனப்பாடம் வந்து ஏமாற்றிவிடும். பிள்ளை தடுமாறினால் உடனே எடுத்துக்கொடுக்கக் கூடாது. சிறிது காத்திருக்க வேண்டும். இது சொல்ல எளிது, செய்வதுதான் கடினம். ஆசிரியரின் வாய் தானாகத் திறந்துவிடும்!

பெயர், தேதி, நின்ற எழுத்து. இந்த மூன்றையும் ஒரு சிறு நோட்டில் குறித்தால் போதும். மதிப்பெண் வேண்டாம். இந்த நோட்டை எந்த அதிகாரிக்கும் காட்ட வேண்டியது இல்லை.

இதை மேசைக்குப் பக்கத்தில், மெல்லிய குரலில் செய்ய வேண்டும். வகுப்பு முழுவதும் பார்க்க நிற்க வைத்தால் பிள்ளை மறுபடி ஒளிந்துகொள்ளும். அந்தச் சட்டத்தின் 17-வது பிரிவு அடிப்பதை மட்டும் தடுக்கவில்லை. மனத்தைப் புண்படுத்துவதையும் தடுக்கிறது. பிரம்பைக் கீழே வைத்த சிலர் "மக்கு" என்ற சொல்லை இன்னும் வைக்கவில்லை. பிரம்புத் தழும்பைவிட அது ஆழமாகப் பதியும்.

நாலைந்து முறை கேட்டும் தேறவில்லையா? கண்ணையும் காதையும் கவனிக்க வேண்டும். கரும்பலகை தெரியாத பிள்ளை, தெரியவில்லை என்று சொல்லாது. எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கும். காதில் சீழ் வடியும் பிள்ளைக்குப் பாதிப் பாடம் காதில் விழாது. இவர்களுக்கு வேண்டியது டாக்டர்.

தொண்டைக்கும் நல்லது

ஆசிரியருக்கும் இதில் லாபம் உண்டு. நாள் முழுவதும் கத்தினால் குரல் நாண்களில் காய்ப்பு விழும். கூச்சலுக்கு மேல் கூச்சல் போடுவதைவிட, கையைத் தட்டிவிட்டு மௌனமாக நிற்பது நல்லது. மேசையில் ஒரு பாட்டில் தண்ணீர் இருக்கட்டும். அடிக்கடி தொண்டையைச் செருமுவது கெடுதல். கரும்பலகையை ஈரத் துணியால் துடைத்தால் சாக்பீஸ் தூசி பறக்காது. மூன்று வாரம் ஆகியும் கரகரப்பு போகவில்லை என்றால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "எத்தனை மார்க்?" என்று கேட்கும் நேரத்தில், "இதை வாசித்துக் காட்டு" என்று சொல்லலாம். பஸ்ஸின் பெயர்ப் பலகை போதும். ரேஷன் கடைப் பலகை போதும். அம்மாவுக்கே எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும் என்றாலும் வெட்கம் வேண்டாம். இருவரும் சேர்ந்து கூட்டி வாசிக்கலாம்.

திங்கட்கிழமை முதல் ஐந்து பேர் யார்? "நான், நான்" என்று கை தூக்குகிறவர்கள் அல்ல. அவர்கள் அடுத்த வாரம்கூட வாசிக்கலாம். கடைசி வரிசையில், உயரமான பையனின் முதுகுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறானே, அவனைத்தான் முதலில் கூப்பிட வேண்டும்.